பனி என்றொரு ஊர்

இரவு ஒன்றரைக்கு ஏலம் மூடும்.
ரொறன்ரோவில் அப்போது பின்னேரம் மூன்று.
கஜரூபன் அண்ணா தேத்தண்ணி இடைவேளையை நீட்டிக்கொண்டு
காருக்குள் இருந்து எழுதுகிறார்:
"மூடிய ஏலம். ஆளுக்கு நாற்பது டொலர்.
கடன் இல்லை, அழுகை இல்லை."

பன்னிரண்டாவது ஆள் கிடைக்காமல்தான்
என்னைச் சேர்த்தார்கள்.
பேஸ்போலில் எனக்குத் தெரிந்தது
சுற்றி ஓடி வீட்டுக்கு வருகிற விளையாட்டு என்பது மட்டும்.
வீட்டுக்கு வந்தால் ஒரு புள்ளி.
அது போதும் என்றார்கள்.

இன்றைக்கு வெளிநாட்டுப் பெடியன்களின் ஏலம்.
மெய்யான கழகங்கள் மெய்யான காசுக்கு எடுத்தவர்களை
நாங்கள் பொய்க் காசுக்கு மறுபடி எடுப்போம்.
ஒசாக்காவில் இருந்து ஒரு பந்தெறிகாரன்,
இருபத்தைந்து வயது, ஆயத்தமான சாமான்,
முப்பத்தெட்டுக்குக் குறையாமல் போவான்.
வெனிசுவேலாவில் இரட்டையர்,
ஒருவனைத்தான் எல்லோருக்கும் வேண்டும்.

அட்டவணையில் நாற்பத்தோராவதாக
யெய்சன் பொலாங்கோ, ஷோர்ட்ஸ்டொப், வயது பதினாறு,
டொமினிக்கன் குடியரசு, ஊர் பனி.

பனி!
வரைபடத்தில் தேடினேன். கடலுக்குக் கிட்ட.
மாம்பழம் காய்த்துக் கொட்டுகிற வெயில்.
அந்த ஊருக்குத் தமிழ் எழுத்து
இப்படியொரு குளிரைப் போர்த்திவிட்டிருக்கிறது.

பதினொரு செக்கன் காணொளி, சத்தம் இல்லை.
உருண்டு வரும் பந்தை வெறுங்கையால் அள்ளி
கால் நிலத்தில் படுமுன்னமே எறிகிறான்.
பின்னால் கம்பி வேலியில்
ஒரு பெண் ஈர உடுப்புக் காயப்போடுகிறாள்.
அவள் நிமிர்ந்தும் பார்க்கவில்லை.
அப்படியென்றால் அவன் இதைத் தினமும் செய்கிறான்.

பழைய சோனகத் தெருவில்
ஆணியும் பூட்டும் முள்ளுக்கம்பியும் விற்கிற கடையில்
பதினான்கு வருடமாக டெண்டர் எழுதுகிற கை என்னுடையது.
முழு எண்ணில் கேட்கிறவன் தோற்பான்
என்பது முதலாளி ஹாஜியாரின் கணக்கு.
எல்லோரும் இருபதில் நிற்பார்கள்.
கெட்டிக்காரன் இருபத்தொன்று.
அவனை அறிந்தவன் இருபத்திரண்டு.
நான் இருபத்து மூன்று என்று எழுதினேன்.

ஒன்று முப்பத்தொன்றுக்கு உறை பிரிந்தது.
நிரோத்தன் இருபத்திரண்டு.
"உனக்கென்ன விசரோ" என்று கேட்டான்.
மரீன் டிரைவ் பக்கம் கடல் தன்பாட்டில் இரைந்தது.
வெள்ளவத்தையில் எனக்கொரு ஷோர்ட்ஸ்டொப் இருந்தான்.

மார்ச்சில், மின்விசிறிக்கும் வியர்க்கிற ஒரு மத்தியானம்,
செய்தி வந்தது.
அவனுக்குப் பத்தொன்பதாம்.
யெய்சன் என்பது சித்தி மகனின் பெயராம்,
பிறப்புச் சான்றிதழும் அந்தப் பெடியனுடையதாம்.
கழகம் ஒப்பந்தத்தைக் கிழித்துவிட்டது.

லீக்கின் தலைவர் அறிவித்தார்:
"சுத்துமாத்து. ஆளை நீக்குவோம்.
இருபத்து மூன்றும் திருப்பித் தரப்படும்."

லீக்கின் தலைவர் கஜரூபன் அண்ணா.
தொண்ணூற்றாறில் இதே வெள்ளவத்தை லொட்ஜ் ஒன்றில்
ஏழு கிழமை பூட்டிய கதவுக்குள் படுத்திருந்து,
யாரோ ஒரு பருத்தித்துறைப் பெடியனின் புத்தகத்தில்
தன் முகத்தை ஒட்டிக்கொண்டு
கட்டுநாயக்காவைத் தாண்டியவர்.
வயதில் நான்கு குறைத்தவர்.
அங்கே அவருக்கு நவம்பரில் கேக் வெட்டுகிறார்கள்.
இங்கே பெரியம்மா ஆனியில் அர்ச்சனை செய்கிறா.

"அண்ணா, உங்களுக்கு எப்ப பிறந்தநாள்?"
எழுதினேன். அழித்தேன்.
"காசு வேண்டாம், ஆளை வைத்திருக்கிறன்"
என்று மட்டும் அனுப்பினேன்.
வாசித்துவிட்டார் என்று நீலம் காட்டியது.
"ஒரு இடம் வீணாப் போகும்" என்றார்.
அரை மணித்தியாலம் கழித்து,
"சரி."

கொப்பியைத் திறந்து
பதினாறை வெட்டிப் பத்தொன்பது போட்டேன்.
ஊர் சரியாகத்தான் இருந்தது.
பெயருக்கு நேரே பேனை நின்றுவிட்டது.

வேலியோரம் உடுப்புக் காயப்போட்டவளுக்குத் தெரிந்திருக்கும்.
சாப்பிடக் கூப்பிடும்போது அதைத்தான் சொல்லியிருப்பாள்.
மறுபடி ஓடவிட்டுப் பார்த்தேன், பதினொரு செக்கனும்,
அவள் வாயையே பார்த்தபடி.